பறிமுதலான நாற்பத்தாறு ஆரஞ்சு மிட்டாய்

ஜூன் 3, திங்கள்

காலை 7.10-க்கு என் மனைவி சீதாலட்சுமி ஓசூர் பஸ்ஸில் ஏறினாள். அங்கே எங்கள் மகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. இனி அவள் கோவில்பட்டி திரும்ப எப்படியும் ஐப்பசி ஆகிவிடும். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏங்க, மருமக மசக்கையா கெடக்கா, பத்திரமாப் பாத்துக்கோங்க. உங்க போலீஸ் புத்திய மட்டும் வாசல்ல கழட்டிப் போட்ருங்க" என்று கத்தினாள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

முப்பத்தோரு வருடம் மதுவிலக்குப் போலீஸில் இருந்து எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன் இந்தக் கொம்பையா. சாராய ஊறலை ஆறடி ஆழத்தில் புதைத்து மேலே ஆட்டுப்பட்டி போட்டாலும் மோப்பத்திலேயே எடுத்துவிடுவேன் என்று பெயர். எனக்கு ஒரு கர்ப்பிணியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?

வீட்டு நிலவரம்: மகன் இசக்கிராஜாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. காலை ஆறுக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவான். மருமகள் மாரித்தங்கம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். மூன்றாம் மாதம். ஓயாத வாந்தி என்பதால் லீவில் இருக்கிறாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே சுகர். தினம் நாலு வேளை இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். பெண் பார்க்கும்போதே சொல்லித்தான் கொடுத்தார்கள், மறைக்கவில்லை.

எனக்கும் பதினாறு வருடமாகச் சுகர் இருக்கிறது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுகர்காரருக்கு இனிப்பு விஷம், அவ்வளவுதான் பாடம். மதியமே சீனி டப்பா, மண்டவெல்லம், கருப்பட்டி, வாழைத்தார் அனைத்தையும் தூக்கி முருகன் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டேன். பேரப்பிள்ளை விஷயத்தில் சமரசம் கிடையாது.

ஜூன் 5, புதன்

காலை 10.20. மேற்படி மருமகள் குளிக்கப் போன சமயம் தலையணை உறை மாற்றப் போனேன். தலையணைக்கடியில் ஒரு பவுடர் டப்பா. உள்ளே ஆரஞ்சுச் சுளை மிட்டாய்! எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தாறு. பறிமுதல் செய்தேன்.

குளித்துவிட்டு வந்தவளிடம் டப்பாவைக் காட்டி, "என்னம்மா இது?" என்றேன்.

"மருந்து மாமா அது."

சிரித்துவிட்டேன். நான் பிடித்த ஒவ்வொரு சாராய வியாபாரியும் முதலில் சொன்னது இதைத்தான். மேல்வலிக்கு மருந்து, பிள்ளை பெத்தவளுக்கு மருந்து, மாட்டுக்கு மருந்து.

"எனக்குச் சுகர் சட்டுனு இறங்கிரும் மாமா. அப்ப இத நாலஞ்சு மென்னா ஏறும். குளுக்கோஸ் பவுடர் வாடை இப்ப கொமட்டுது. அதான் டாக்டரே இத வச்சுக்கச் சொன்னாங்க."

"எனக்குப் பதினாறு வருசமாச் சுகர். ஒரு நா இறங்கினதில்ல, ஏறத்தான் செய்யும்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பத்தாம் வகுப்பில் மூன்றாவது தடவை பெயிலான பையனை டீச்சர்கள் பார்க்கும் பார்வை அது.

ஜூன் 6, வியாழன்

மகன் ராத்திரி வந்ததும் என் மேல் விசாரணை. "எப்பா, அவ பொருளத் தொடாதீங்க. உங்களுக்கு வந்தது வேற, அவளுக்கு வந்தது வேற" என்றான். பெண்டாட்டி சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறான். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணியபோது நாற்பதுதான் இருந்தது. எறும்பு தின்றிருக்கும் என்றேன்.

ஜூன் 8, சனி

யோசித்ததில் ஒரு நல்ல வழி கிடைத்தது. மெயின் ரோடு மெடிக்கலில் சுகர்காரர்களுக்கென்றே சர்க்கரை போடாத ஆரஞ்சு மிட்டாய் விற்கிறார்கள். அதே நிறம், அதே வடிவம். வாங்கி வந்து காகிதத்தைப் பிரித்து எடுத்து, மருமகள் தூங்கும்போது டப்பாவில் மாற்றி வைத்துவிட்டேன். எண்ணிக்கை நாற்பதுக்கு நாற்பது. ஆசைப்பட்டால் மெல்லட்டும், பிள்ளைக்கும் கெடுதி இல்லை. அடித்துப் பிடுங்குவதைவிட இதுதான் நாகரிகம். அசல் மிட்டாய் என் பழைய யூனிபார்ம் தொப்பிப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

ஜூன் 12, புதன்

பறிமுதல் பொருளை விதிப்படி அழிக்க வேண்டும். தினம் மத்தியானம் இரண்டு, மூன்று என்று அழித்து வருகிறேன்.

ஜூன் 19, புதன்

எலுமிச்சை ரசம் வைத்தேன். மருமகள் இரண்டு வாய் சாப்பிட்டாள், மூன்றாவது வாய்க்கு வாசலுக்கு ஓடினாள். பாவமாகத்தான் இருக்கிறது. முதுகைத் தடவிவிட எழுந்தேன். மாமனார் தடவலாமா என்று தெரியாமல் நடுக்கூடத்தில் சொம்போடு நின்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவளாகவே, "மாமா, இன்னைக்குக் காலைல அஞ்சு மிட்டாய் மென்னும் ஏறல, அப்பறம் ரெண்டு டம்ளர் பால் குடிச்சேன். என் உடம்பு என்னமோ மாறுது" என்றாள். வாயெல்லாம் கசப்பதால் எதிலும் ருசி தெரியவில்லையாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஏறவில்லை என்கிறாளே! எப்படி ஏறும்?

மாலையில் என் விரலில் குத்திப் பார்த்தேன். 264. காரணம் புரியவில்லை. மெஷின் பழசு.

ஜூன் 27, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

1.00 மணிக்கு மருமகள் ஊசி போட்டுக்கொண்டு ரசம் சோறு சாப்பிட்டாள். 1.40-க்கு அவ்வளவும் வெளியே வந்துவிட்டது. "கொஞ்சம் படுக்கேன் மாமா" என்று உள்ளே போனாள். நான் பேப்பர் படித்தபடி கண்ணயர்ந்துவிட்டேன்.

3.05-க்குப் பாத்திரம் உருளும் சத்தம். போய்ப் பார்த்தால் அடுப்படியில் மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உடம்பெல்லாம் தெப்பலாக வேர்த்திருக்கிறது. கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

"யோவ் ஏட்டு, அங்கன என்னய்யா பண்ற?"

எஸ்.எஸ்.ஐ. என்று திருத்தினேன். அதற்கும் சிரித்தாள். நாக்கு குழறியது. இந்த முகத்தை, இந்த நடையை, இந்தக் குழறலை நான் ஆயிரம் பேரிடம் பார்த்திருக்கிறேன். முப்பத்தோரு வருடத்துப் புத்தி ஒரே ஒரு பக்கம்தான் போனது. யாரோ என் மருமகளுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள்!

"வாய ஊதும்மா" என்றேன்.

ஆம், சொன்னேன். மூன்றாம் மாதக் கர்ப்பிணியிடம், என் வீட்டு அடுப்படியில், வாயை ஊது என்று சொன்னேன். அவளும் என் மூக்குக்கு நேராக ஊதினாள். ரச வாசம்தான் வந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தரையில் டைல்ஸ் கோட்டைக் காட்டி, "இது மேல நேரா நட பாப்போம்" என்றேன். மூன்று டைல்ஸ் நடந்தாள். நாலாவதில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மடியிலிருந்து மிட்டாய் டப்பாவை எடுத்து ஐந்தாறு மிட்டாயை ஒரே வாயில் போட்டுக் கடித்தாள்.

"இறங்கிருச்சு... இப்ப ஏறிரும்" என்றாள் தனக்குத்தானே. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் ஐந்து. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சிரிப்பு போய்விட்டது. சின்னப் பிள்ளை மாதிரிக் குரல். "ஏறல மாமா. ஏறவே மாட்டேங்குது. பிள்ளைக்கு என்னமாச்சும் ஆயிருமா மாமா?"

அந்த மிட்டாய்க்குச் சுகர் ஏறாது என்பது உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

மெஷினை எடுத்து வந்து அவள் விரலைத் துடைத்துக் குத்தினேன். 38 என்று காட்டியது. அப்படி ஒரு எண்ணை என் வாழ்நாளில் அந்த மெஷினில் பார்த்ததில்லை. ரிப்பேர் என்று நினைத்து என் விரலிலும் குத்தினேன். 271. மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.

தொப்பிப் பெட்டிக்கு ஓடினேன். காலி. கடைசி இரண்டை நேற்று மத்தியானம்தான் அழித்திருந்தேன். அடுப்படி முழுக்கத் தேடினேன். உப்பு, புளி, மிளகாய், பெருங்காயம் எல்லாம் இருந்தன. இனிப்பு என்று ஒரு துளி கிடையாது. பால்கூடத் தீர்ந்திருந்தது. அவ்வளவு நேர்த்தியாக ரெய்டு செய்திருந்தேன்.

செருப்பில்லாமல் ஓடினேன். மூட்டு வலிக்காரன், அறுபத்து மூன்று வயது, தெருவில் ஓடினேன். முக்கில் பால்பாண்டி டீக்கடை. ஒன்றும் சொல்லாமல் உள்ளே நுழைந்து சீனி டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடினேன். "ரிட்டயர்டு ஆகியுமா மாமூலு!" என்று பால்பாண்டி பின்னால் கத்தினான். இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மருமகள் தரையில் சாய்ந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. மூன்று கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கி வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஓர் அறை விட்டாள். சர்வீஸில் என் மேல் கை வைத்தவர்கள் மூன்று பேர், இவள் நாலாவது. "என் சாமில்ல, குடிச்சிரும்மா, மாமன் தப்புப் பண்ணிட்டேன், குடிச்சிரும்மா" என்று என்னென்னவோ சொன்னேன். ஒரு மடக்கு விழுங்கினாள். பிறகு இன்னொரு மடக்கு. டம்ளர் முடியும்போது மணி 3.31.

3.46-க்கு 61. இன்னொரு டம்ளர். 4.02-க்கு 98.

எழுந்து உட்கார்ந்து, தரையில் சிந்திக் கிடந்த சீனியைப் பார்த்தாள். எறும்பு வர ஆரம்பித்திருந்தது. "ஏன் மாமா அழுதீங்க?" என்றாள். வேர்வை என்றேன். டப்பாவிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து முனையை மட்டும் கடித்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடி யோசித்தாள். வேதியியல் டீச்சர் அல்லவா.

"இது என் மிட்டாய் இல்லையே."

எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறேன். இன்று என் முறை. "நான்தாம்மா மாத்துனேன்" என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

ஆஸ்பத்திரி. மகன் லீவு போட்டு வந்தான். டாக்டர் மெர்லினுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முதலில் ஸ்கேன். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். பந்தயக் குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

டாக்டர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். "ஊசி போடுற சுகர்ல கர்ப்பத்தோட ஆரம்ப மாசங்கள் ரொம்பக் கவனமா இருக்கணும். இன்சுலின் தேவை குறையும், நேத்து சரியா இருந்த அளவு இன்னைக்கு அதிகமாயிரும். வாந்தி வேற. முன்னாடி இறங்கும்போது நடுக்கம், படபடப்புனு உடம்பு சொல்லிரும். இப்ப அந்த அறிகுறியே தெரியாமப் போகும். கூட இருக்கறவங்கதான் கண்டுபிடிக்கணும். கூட யாரு இருக்கா?"

மகனும் மருமகளும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

எழுபதுக்குக் கீழே போனால் மூன்று கரண்டிச் சீனியோ குளுக்கோஸோ தண்ணீரில். கால் மணி நேரம் பொறுத்துத் திரும்ப டெஸ்ட். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பாடு. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன். இனிப்பு அவளுக்கு விஷமா என்று கேட்டேன். "இறங்குற நேரத்துல அதான் உயிர், ஐயா" என்றார். ஊசியின் அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார்.

பிறகு, "கையில மிட்டாய் வச்சிருந்தீங்களே, அது என்னாச்சு?" என்று மருமகளிடம் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"தீந்து போயிருந்துச்சு டாக்டர்" என்றாள்.

அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேற்று வாங்கிய அறையைவிட இது வலித்தது.

போகும்போது டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "ஐயா, உங்க சுகர் எவ்வளவு?" என்றார். இன்றைய விஷயம் அது இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 29, சனி

மருமகள் பேசவில்லை. பால்பாண்டிக்கு இரண்டு கிலோ சீனி வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

பேசவில்லை. வீட்டில் அறைக்கு ஒரு டப்பா சீனி வைத்தேன். அசல் ஆரஞ்சு மிட்டாய் அரைக் கிலோ வாங்கி அவள் மேசையில் வைத்தேன். அவள் பார்க்கும்படி முதலில் நானே ஒன்றைத் தின்று காட்டினேன். பிறகுதான் எனக்கும் சுகர் என்பது ஞாபகம் வந்தது.

ஜூலை 2, செவ்வாய்

சாயங்காலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். மருமகள் வந்து எதிரில் உட்கார்ந்து அவளும் ஒரு கொத்தை எடுத்தாள். நான்தான் ஆரம்பித்தேன். "மன்னிச்சிரும்மா. பிள்ளைக்கு நல்லதுன்னுதான்..."

"பன்னெண்டு வயசுல இருந்து எனக்கு இது இருக்கு மாமா. பதினஞ்சு வருசம். ஒவ்வொரு நாளும் நானே குத்தி, நானே பாத்து, நானே அளவு போட்டுப் பொழச்சிருக்கேன். என்கிட்ட நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்தான்."

"கேட்டீங்க. நான் பதில் சொன்னேன். நீங்கதான் நம்பல."

கீரையில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தேன். போலீஸ்காரன் யாரையும் நம்பக் கூடாது என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். எப்போது நம்ப வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அறுபத்து மூன்று வயதில் அதைச் சாக்காகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

கீரை முழுவதையும் உருவி முடித்த பிறகு, "சரி, நாளைல இருந்து மூணு மணிக்கு நீங்க தூங்கக் கூடாது. அந்த நேரந்தான் எனக்கு இறங்குது. எழுப்பிக் குத்திப் பாக்கணும். முடியுமா?" என்றாள்.

ட்யூட்டி போட்டுவிட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து சரி என்றேன்.

ஜூலை 11, வியாழன்

இறங்கும்போது வியர்ப்பாள், குழறுவாள், காரணமில்லாமல் கோபப்படுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த மூன்றாவது அறிகுறியில்தான் எனக்குச் சிக்கல்.

காலை 9.00: அவள் துவைத்துக் காயப்போட்ட சேலை மேல் என் ஈர வேட்டியைப் போட்டுவிட்டேன் என்று சத்தம் போட்டாள். ஓடிப்போய் சீனித் தண்ணீர் கொண்டுவந்தேன். டெஸ்ட் செய்ததில் 112.

மதியம் 12.15: ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன் என்று கோபம். மீண்டும் டம்ளரோடு போனேன். 105.

மாலை 4.30: அவளுடைய பள்ளிக்கூடத் தோழி போனில் பேசும்போது ஸ்பீக்கர் பக்கமாக நின்றேன் என்று கோபம். டம்ளரை நீட்டினேன்.

"மாமா! இது சுகர் இல்ல. கோவம். உங்க மேல. நெசக் கோவம்!"

இருந்தாலும் டெஸ்ட் செய்தேன். 109. உண்மைக் கோபத்தையும் சர்க்கரைக் கோபத்தையும் எப்படிப் பிரிப்பது என்று சீதாலட்சுமிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எனக்கு முப்பத்தஞ்சு வருசமா உங்க மேல கோவம். எனக்கு ஒரு நா சீனித் தண்ணி குடுத்தீங்களா?" என்று போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 24, புதன்

ஒரு கண்டுபிடிப்பு. உண்மையாகவே இறங்கும்போது அவள் கோபப்படுவதில்லை, மரியாதையாகிவிடுகிறாள். இன்று மூன்று மணிக்கு, "மாமா, உங்க ரசம் ரொம்பப் பிரமாதம்" என்றாள். பதறிப்போய் விரலைப் பிடித்தேன். 54.

ஆகஸ்ட் 14, புதன்

வாந்தி நின்றுவிட்டது. மூன்று வாரமாக ரசத்தைத் திட்டித்தான் சாப்பிடுகிறாள். மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

டாக்டர் மெர்லின் என் விரலிலும் குத்திப் பார்த்துவிட்டார். மருமகளுடைய ஏற்பாடு. மாத்திரை இரண்டு என்பது மூன்றாகியது. தொப்பிப் பெட்டியைத் தினமும் சோதனை போடப் போவதாக மருமகள் அறிவித்திருக்கிறாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

வளைகாப்பு. சீதாலட்சுமி நேற்றே வந்துவிட்டாள். சாத்தூரிலிருந்து சம்பந்தியம்மா, ஒரு வேன் நிறையச் சொந்தம்.

பதினொன்றரைக்குப் பந்தி என்று சொல்லியிருந்தார்கள். மருமகள் பதினொன்றே காலுக்கு ஊசிப் பேனாவை எடுத்தாள். "இலைல சோறு விழுந்தாத்தான் ஊசி" என்று நான் தடுத்துவிட்டேன். நல்லவேளை. சம்பந்தியம்மாவின் அக்கா வந்துதான் முதல் வளையல் போட வேண்டுமாம். அந்த அம்மாள் வந்த பஸ் வழியில் பஞ்சர். பந்தி ஒன்றே கால் ஆகிவிட்டது. ஊசியை மட்டும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காலையில் போட்ட ஊசியே பன்னிரண்டரைக்குச் சுகரைக் கீழே இழுக்க ஆரம்பித்துவிட்டது.

எப்படித் தெரிந்தது என்றால், சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த மருமகள் எல்லோரையும் பார்த்து ரொம்ப மரியாதையாகச் சிரித்தாள். ஒரு கிழவி, "பிள்ள கருப்பாத்தான் பொறக்கும்போல" என்றதற்கும், "ஆமா பாட்டி, சந்தோசம்" என்றாள். நான் பந்தல் மூலையிலிருந்து சபைக்குள் பாய்ந்தேன். பெண்கள் கூட்டத்துக்குள் ஆண் பிள்ளை நுழைந்ததும் ஒரே கூச்சல்.

"மச்சான், இது பொம்பளைங்க சடங்கு!"

"விரல நீட்டும்மா." 57. எதிரில் தட்டு தட்டாக லட்டு, அதிரசம். அதெல்லாம் மெதுவாக ஏறும், குளுக்கோஸ்தான் சீக்கிரம் ஏறும். மடியிலிருந்த பொட்டலத்தைத் தண்ணீரில் கலக்கினேன்.

ஒரு அம்மாள் என் கையைப் பிடித்தாள். "சுகர்காரிக்குப் போயி குளுக்கோஸ் குடுக்கீரே, உமக்கு அறிவிருக்கா?"

"ஜூன் மாசம் வரைக்கும் இல்லம்மா, இப்ப இருக்கு. கைய எடுங்க!" என்று கத்தினேன். ரெய்டுக்குப் போகும்போது போடும் குரல். கூட்டம் கப்சிப். மருமகள் குடித்தாள். கால் மணி நேரம் மேளக்காரன் உட்பட அத்தனை பேரும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 88 என்றதும் யாரோ குலவை போட்டார்கள். சுகர் ஏறியதற்குக் குலவை போட்டது எங்கள் வளைகாப்பில்தான் இருக்கும்.

சாயங்காலம் வழக்கப்படி மருமகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். சம்பந்தியம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்து, திருப்பிச் சொல்லச் சொல்லி, தவறிய இடத்தில் திருத்தினேன். வேன் ஏறும்போது மருமகள், "மூணு மணிக்கு இனி நீங்க தூங்கலாம் மாமா" என்றாள்.

அக்டோபர் 23, புதன்

மூன்று மணிக்குப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

நவம்பர் 6, புதன்

3.10-க்குப் போன். மருமகள்.

"மாமா... 52. அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க, போன எடுக்கல. நான் மட்டுந்தான். குளுக்கோஸ் குடிச்சிட்டேன்."

"வாசக் கதவத் தெறந்து போட்டுட்டியா?"

"ம்."

"கீழ உக்காந்துக்கோ, சுவத்துல சாஞ்சுக்கோ. ஒன்னும் ஆகாது."

"பதினஞ்சு நிமிசம் எங்கிட்ட பேசிக்கிட்டே இருங்க மாமா. அசந்துருவேனோன்னு பயமா இருக்கு."

சீதாலட்சுமியைச் சைகையில் கூப்பிட்டு, அவள் போனில் சம்பந்தி வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லச் சொன்னேன். நான் பேச ஆரம்பித்தேன். மழை பெய்ததைச் சொன்னேன். கீரை விலையைச் சொன்னேன். பால்பாண்டி என்னைப் பார்த்தாலே இப்போதும் சீனி டப்பாவை மறைப்பதைச் சொன்னேன், கொஞ்சம் சிரித்தாள். நாலு நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. "பேசுங்க மாமா" என்றாள்.

என்ன பேசுவது என்று தெரியாமல், பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அப்போது எனக்கு வேறு ஜில்லாவில் வேலை. ஒரு சாயங்காலம் ரெய்டு முடிந்து திரும்பும்போது ரோட்டோரம் ஒருவன் சைக்கிளோடு விழுந்து கிடந்தான். வேர்த்து ஊற்றியது, நாக்கு குழறியது, என்னை வாடா போடா என்றான். ஊதச் சொன்னேன். வாடை இல்லை. வாடை அடித்தது என்று எழுதினேன். அன்றைக்கு எனக்கு இன்னும் ஒரு கேஸ் வேண்டியிருந்தது. லாக்கப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், ஒரு டீ, சீனி நெறையாப் போட்டு" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். குடிகாரனுக்கு இனிப்பு டீ கேட்கிறதா என்று நாங்கள் சிரித்தோம். காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. அவன் மனைவி மருந்துப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஜீப்பில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

"உன்ன அடுப்படில ஊதச் சொன்னேன்ல தங்கம், அன்னைக்குத்தான் அவனுக்கு என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது."

மறுமுனையில் மெஷின் கீச்சிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் குரலும் கேட்டது.

"தொண்ணூத்தி நாலு மாமா" என்றாள். குரல் தெளிந்துவிட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்தத் தடவை வேர்வை என்று யாரிடமும் சொல்லவில்லை.

"ரெண்டு இட்லி சாப்பிடும்மா."

"சாப்பிடுதேன். அந்த ஆளு பொழச்சாரா மாமா?"

"தெரியல. நான் கேக்கல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"போயிக் கேளுங்க மாமா" என்றாள். அவ்வளவுதான்.

பெயர் சூசைமாணிக்கம். ஊர் ஓடைப்பட்டிப்புதூர். எங்கேயும் தேட வேண்டியதில்லை, இருபத்தைந்து வருடமாக இரண்டும் எனக்குத் தெரியும். காலை ஐந்தரைக்கு பஸ்.